மூன்று வீட்டுப் பரஸ்தானம்

தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த சண்முகவேலுவின் அம்மா சொர்ணத்தம்மாள், தன் வாழ்நாளில் ஒரே பொய்யை இரண்டு பேரிடம் சொன்னதே கிடையாது. ஜாக்கெட்டை ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கிறோம், பொய்யை மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே அளவில் மாட்டிவிட முடியுமா என்பது அவள் கட்சி. கேட்கிறவர் பக்திமானாக இருந்தால் கோயில் குளம் கலந்த பொய், படித்தவராக இருந்தால் சர்ட்டிபிகேட் வாசனை அடிக்கிற பொய், பிள்ளை பெற்றவளாக இருந்தால் பிரசவத்தையோ காதுகுத்தையோ தொட்டுக்கொண்டு ஒரு பொய் என்று, தராதரம் பார்த்து, பதமாகச் சொல்லி, அந்த வீட்டின் மானத்தை அவள் இத்தனை காலமும் ஓட்டை விழாமல் காப்பாற்றி வந்தாள். அந்தத் திறமை முற்றிப் போய்த்தான் அவள் மருமகள் ஒரே புதன்கிழமையில் நாலு பேர் ஆனாள்.

மருமகள் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனுக்கு உள்ள பெயர், வீட்டில் மொழி என்று கூப்பிடுவார்கள். தாய் தகப்பன் இல்லாதவள், ஒரே அண்ணன் பம்பாயில் இருந்தான். கல்யாணமாகி மூன்றாவது வருஷம், காரணம் என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாமலே அவளுக்கு மனசு மெல்ல மெல்ல இருண்டு போயிற்று. குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் பார்த்துக்கொண்டே நிற்பாள். தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தால் கிண்ணம் கையிலேயே இருக்கும், பொழுது சாய்ந்துவிடும். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், சொல்லாவிட்டால் பசிக்காது. ஒரு மத்தியானம் பின்பக்கத்துக் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்து, காலைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவளைச் சொர்ணத்தம்மாள்தான் இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்து இறக்கினாள். மறுநாளே கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டாயிற்று. பூனை விழுந்துவிடுகிறது என்று வெல்டிங்காரனிடம் சொன்னாள். அந்தத் தெருவில் பூனையே கிடையாது.

திருநெல்வேலி டாக்டரம்மா பார்த்துவிட்டு, மாத்திரை மட்டும் போதாது, மூன்று மாதம் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்றாள். மேற்கே மலையடிவாரத்தில் அதற்கென்று ஓர் இல்லம் இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு கட்டில் காலியாகும், சாயங்காலத்துக்குள் வந்துவிட வேண்டும், வீட்டு ஆள் ஒருவர் கூட வந்து டாக்டரிடம் பேச வேண்டும், ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம், வராவிட்டால் காத்திருக்கிற வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம், அப்புறம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று அங்கிருந்து போனில் சொன்னார்கள். பல மாதமாக எதற்கும் வாய் திறக்காத மொழி அன்றைக்குத் தானாக வாய் திறந்தாள்.

"நான் போறேன் அத்தை. என்னைக் கொண்டு போய் விட்டுருங்க."

விடலாம்தான். ஆனால் சண்முகவேலுவின் தங்கை சங்கரிக்கு நிச்சயதார்த்தம் முடிந்து ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்த வீட்டு மருமகள் மனநல இல்லத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால், சம்பந்தி வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பும்போது கூடவே டாக்டரையும் அனுப்பி எல்லோரையும் சோதித்துவிடுவார்கள். போதாததற்கு வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அதோடு வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பினால் லட்சுமியும் சேர்ந்து கிளம்பிவிடுவாள். அதற்கெல்லாம் வழி இல்லாமலா இருக்கிறது. புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில், போகிறவரின் துணியை ஒரு பையில் வைத்துப் பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் போதும், அப்போதே புறப்பட்ட கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பிறகு எந்தக் கெட்ட நேரத்திலும் கிளம்பலாம், சூலம் ஏமாந்து போகும்.

பை வைத்தால் எங்கே போகிறாள் என்று சொல்லியாக வேண்டும். அந்த வாரமே புதன்கிழமை காலையில் சொர்ணத்தம்மாள் மருமகளின் மாம்பழ நிறச் சேலையைப் பையில் வைத்து அடுத்த வீட்டுப் பிச்சம்மாளிடம் கொடுத்து, பம்பாயில் அண்ணன் பெண்டாட்டிக்குப் பிரசவம், ஒத்தாசைக்குப் போகிறாள் என்றாள். வாசலுக்கு வந்ததும் எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டார். பிரசவப் பொய் அவருக்கு அளவு பத்தாது. உள்ளே போய்க் கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்து வந்து, கோயம்புத்தூரில் பி.எட். படிக்கப் போகிறாள் சார், உங்க வீட்டில் பரஸ்தானம் வைத்தால் படிப்பு ஏறும் என்று கொடுத்தாள். சம்பந்தியம்மாள் காதுக்கு இரண்டும் போய்ச் சேருவதற்குள் நாமே முந்திக்கொள்வோம் என்று, பச்சைச் சேலையோடு அடுத்த தெருவுக்கு நடந்து, நாத்தனார் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மொழி காசிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு வந்தாள். வீடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் பிச்சம்மாள் கொல்லை வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, ஒங்க மொழி எங்க வீட்டுப் பட்டாசாலையில உக்காந்து காபி கேக்கா. சீனி போடவா வேண்டாமான்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

சொர்ணத்தம்மாள் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தாள். மொழி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிச்சம்மாள் வீட்டுக்குப் போனாள். அங்கே முன்கூடத்தில் மாம்பழ நிறச் சேலை கட்டி, தலை வாரிப் பூ வைத்த ஒரு மொழி, பிறக்கப் போகிற பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். வாங்க அத்தை என்று எழுந்து நின்றாள். கன்னம் உப்பியிருந்தது. சொர்ணத்தம்மாளுக்கு இது எப்படி ஆயிற்று என்று தோன்றவில்லை, ஐயோ இன்னும் இரண்டு பை இருக்கிறதே என்றுதான் தோன்றியது. எதிர்வீட்டுக்கு ஓடினாள். கத்தரிப்பூச் சேலை மொழி ஹெட்மாஸ்டரோடு கல்வி உளவியல் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவில், பச்சைச் சேலை மொழி நெற்றி நிறையத் திருநீறோடு சம்பந்தியம்மாளுக்குப் பதிகம் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்கு மூன்று ஊரில் சோலி இருந்தால் மூன்றாகத்தானே போக வேண்டும் என்றார்கள். அடையாளத்துக்குப் பம்பாய் மொழி, காலேஜ் மொழி, காசி மொழி என்று பெயர் வைத்தார்கள். கோயிலில் மூன்று பேரும் ஒன்றாக வந்து நின்றபோது ஐயர் சற்று யோசித்து, நட்சத்திரம் ஒன்றுதானே, ஒரு அர்ச்சனை டிக்கெட் போதும் என்று தீர்த்து வைத்தார். ரேஷன் கடைக்காரர் மட்டும் மூன்று பேரும் எந்தக் கார்டில் வருகிறார்கள் என்று கேட்டார். ஓட்டு இருக்கிறதா என்று விசாரிக்க வார்டு கவுன்சிலர் வந்து, மூன்று பேரும் காலில் விழுந்து கும்பிட்டதும் விசாரிக்காமலே போனார். தையல்காரர் அளவெடுத்துவிட்டு, பழைய அளவைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட வேண்டும் என்றார். பொய் எப்போதுமே நல்ல போஷாக்காகத்தான் இருக்கும்.

செய்தி பரவியதும் மற்ற தெருக்காரர்கள் கையில் பையோடு இந்தத் தெரு வீடுகளுக்கு வர ஆரம்பித்தார்கள். பரீட்சையில் தோற்று மாடியறையை விட்டு இறங்காமல் கிடந்த மகனுடைய சட்டையைக் கொண்டுவந்து கனடா என்று சொல்லி வைத்துப் போனார் ஒருவர். மறுநாள் கோட்டும் கண்ணாடியுமாக ஒரு கனடா மகன் எழுந்து அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். புருஷனோடு வாழாமல் வந்துவிட்ட மகளுக்கு ஹைதராபாத்தில் உத்தியோகம் ஆயிற்று. குடித்துக் குடித்துக் கை நடுங்கிய சித்தப்பா ஒருவர் அந்தமானில் கான்ட்ராக்ட் எடுத்தார். ஸ்டேஷனில் மாலையும் கையுமாக ஜனம் நின்றது, பூக்காரிக்குத் தலை நிமிர நேரமில்லை. பொதிகை ரயில் புறப்படும்போது ஜன்னலுக்கு ஜன்னல் சிரித்த முகமாக இருந்தது. வழியனுப்பிவிட்டு வந்தவர்கள் தங்கள் தங்கள் வீட்டில், சாத்தியிருந்த அறைக் கதவை ஒரு கையகலம் திறந்து, சோற்றுத் தட்டை உள்ளே நகர்த்திவிட்டு மறுபடி சாத்தினார்கள். அப்படி ஓர் அறை இல்லாத வீடு அந்த ஊரில் குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது, தெரிந்தும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சொர்ணத்தம்மாள் வீட்டுப் பின்னறையில் மொழி தனக்கான பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இல்லத்திலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து, என்ன கொண்டுவரலாம், என்ன கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். கண்ணாடிச் சாமான் கூடாது, ஊசி கூடாது, பின் கூடாது, நாடா வைத்த துணி கூடாது. நாடா இல்லாத பாவாடை எங்கே இருக்கிறது. நைட்டி போட்ட மருமகளை வாசல் தாண்ட விடாத சொர்ணத்தம்மாள் அவளே கடைக்குப் போய், முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலு நைட்டி வாங்கி வந்தாள். மொழி ஒன்றை மடித்து வைக்கவே ஒரு பொழுது எடுத்துக்கொண்டாள், வைத்ததை எடுத்துப் பார்த்து மறுபடியும் மடித்தாள். பிடித்த பொருள் ஏதாவது ஒன்று எடுத்து வரட்டும், தங்கியிருக்கும்போது ஆறுதலாக இருக்கும் என்று நர்ஸ் கடைசியாகச் சொல்லியிருந்தாள். மொழி அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தாள்.

"அத்தை, எனக்கு என்ன பிடிக்கும்?"

மகனுக்குக் கத்தரிக்காய் ஆகாது, சம்பந்திக்கு ஏலக்காய் போட்ட காபி என்று ஊரில் உள்ளவர்கள் எல்லோருடைய ருசியும் அறிந்த சொர்ணத்தம்மாள், மூன்று வருஷம் தன் கையால் சோறு போட்ட பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் நின்றாள். அடுப்பில் என்னமோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பம்பாய் மொழி முதலில் ரயிலேறினாள். போய்ச் சேர்ந்து அண்ணன் பெண்டாட்டிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள், தங்கமாய் இருக்கிறாள் என்று அங்கிருந்து போன் வந்தது. பிறகு காலேஜ் மொழி புறப்பட வேண்டியிருந்தது. அதுவரை அவள் தினமும் விடியுமுன் எழுந்து எதிர்வீட்டில் கோலம் போட்டு, அப்படியே இந்த வீட்டு வாசலிலும் ஒன்று போட்டு, குழம்பும் வைத்துக் கொடுத்தாள். அவளோடு பேச என்று சண்முகவேலு கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். அவன் கெட்டவன் இல்லை. சிரிக்கிற பெண்டாட்டியைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது, அவ்வளவுதான். அவளைக் கோயம்புத்தூருக்கு ரயிலேற்றிவிட்டு வந்த அன்று அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னான்.

"எம்மா, நல்லா இருக்குதவ மூணு பேர் இருக்கும்போது, இவளைத்தான் கொண்டு போய் விட்டு வைத்தியம் பாக்கணுமா? படிப்பு முடிஞ்சதும் அவளையே இங்க கூட்டிட்டு வந்துட்டா என்ன?"

"அப்ப உள்ள இருக்கவள?"

"இருந்துட்டுப் போறா. என்ன, ஒரு தட்டுச் சோறு."

சொர்ணத்தம்மாள் அவனைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. காலேஜ் மொழி வைத்த குழம்பு அப்போதும் அவள் நாக்கில் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காசி மொழிக்கும் அன்றுதான் பயணம். சம்பந்தி வீட்டார் கார் வைத்து மதுரை வரை கொண்டுபோய் ரயிலேற்றுவதாக ஏற்பாடு. சண்முகவேலு காலையிலேயே வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

"சம்பந்தி வீட்டுக் கார்ல நான் போகலன்னா சந்தேகப்படுவாங்க."

"மொழிய யார் கூட்டிட்டுப் போறது?"

"எந்த மொழி?" என்று அவன் உண்மையாகவே கேட்டான். கேட்ட பிறகு அவனுக்கே கூச்சமாகிவிட்டது. சட்டைப் பையைத் தடவிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

பின்னறையில் மொழி தலை வாராமல், நைட்டியோடு, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் ஏற்கனவே செருப்புக்குள் இருந்தன.

"அவங்க வரலையா அத்தை?"

"காருல இடமில்ல, நேரமில்ல, என்னமோ. அடுத்த மாசம் வேற கட்டில் கெடைக்கும், பாத்துக்கிடலாம். நீ படு."

மொழி படுக்கவில்லை. அழவும் இல்லை. பையின் பிடியைக் கையில் சுற்றிக்கொண்டு, சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"இன்னைக்கு நான் போகலன்னா, அடுத்த தடவை நான் எங்க போயிருக்கேன்னு ஊருல சொல்லுவீங்க அத்தை?"

சொர்ணத்தம்மாள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தண்ணி எடுக்கப் போனா, கால் வழுக்கிட்டு. போலீசுக்கு ஒரு மாதிரி, பம்பாய் அண்ணனுக்கு ஒரு மாதிரி, சம்பந்திக்கு ஒரு மாதிரி என்று மூன்று அளவில் தைத்து, பொத்தான் வைத்து, மடித்து வைத்திருந்தாள். கிணற்றுச் சுவரிலிருந்து இந்தப் பெண்ணை இறக்கினாளே, அன்றைக்கே, இவள் கால் தரையில் படுவதற்கு முன்பே, அது தயாராகிவிட்டது. இத்தனை நாளும் அது உள்ளே இருந்தது அவளுக்கே தெரியாது. அவள் சொன்ன பொய்யெல்லாம் எழுந்து நடக்கிற காலம் இது. இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் இதுவும் எழுந்து நடந்துவிடும். சொர்ணத்தம்மாள் தன் வாயைக் கண்டே பயந்து, அதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவள் கட்டியிருந்த சேலையைக்கூட மாற்றாமல் மொழியின் கையைப் பிடித்து எழுப்பினாள். ராகு காலம் நடந்துகொண்டிருந்தது, மேற்கே சூலம், வெள்ளிக்கிழமை. வாசலில் போன ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினாள்.

புறப்படுகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது, காரியம் கெட்டுவிடும். அதனால் பிச்சம்மாள் முறைப்படி, "தூரமா மதினி?" என்று கேட்டாள். எதிர்வீட்டு ஹெட்மாஸ்டரும் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். இருவருக்கும் தனித்தனியாக அளவெடுக்க வேண்டிய இடம். சொர்ணத்தம்மாள் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"எம் மருமவளுக்கு மனசு சரியில்ல. மலையடிவாரத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, தங்கி வைத்தியம் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்."

ஹெட்மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு பிச்சம்மாள் சிரித்துவிட்டாள்.

"என்ன மதினி வெளையாடுதிய. மொழி பம்பாயில லா இருக்கா. நேத்துக்கூட அவகிட்ட நான் போன்ல பேசினேனே."

"கோயம்புத்தூரில்," என்று ஹெட்மாஸ்டர் திருத்தினார். "முதல் பரீட்சையிலேயே நல்ல மார்க்."

சொர்ணத்தம்மாள் சத்தியம் செய்து பார்த்தாள். பலிக்கவில்லை. ஆட்டோவுக்குள் தலை கலைந்து, கண் உள்ளே போய், ஒடுங்கி உட்கார்ந்திருந்த பெண்ணை அவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவளும் அவர்களைப் பார்த்தாள். மூன்று வருஷம் அந்தத் தெருவில் குடியிருந்தவளை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. யாரோ கதியில்லாத பெண்ணை, சொந்த மருமகள் என்று சொல்லி வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று பிச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் தெரு இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. சொர்ணத்தம்மாள் சொன்னதில் அது ஒன்றுதான் பொய் என்றும், அதுவும் நல்ல மனசோடு சொன்ன பொய் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

ஆட்டோ மேற்கே போயிற்று. யாருடைய வீட்டிலிருந்தும் புதிதாக எந்த மொழியும் எழுந்து வரவில்லை.

இல்லத்தில் ஒரு சின்ன வயசு டாக்டர் எதிரே உட்கார்ந்து, எவ்வளவு நாளாக, எப்படி ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொர்ணத்தம்மாள் கிணற்றைச் சொன்னாள். கிணற்றுக்கு முன்னால் நடந்தவற்றைச் சொன்னாள். தன் நாக்கில் தயாராக இருந்த அந்த வாக்கியத்தையும் சொன்னாள், சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதாள். மொழி பக்கத்தில் உட்கார்ந்து வேறு யாருடைய கதையையோ போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் இரண்டு பேருக்கும் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

உள்ளே கூட்டிப் போக வந்த நர்ஸ், கழுத்துக் கயிற்றையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். சொர்ணத்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அதும்மா, தாலி."

"எங்க பீரோ முழுக்கத் தாலிதான் இருக்கும்மா. போகும்போது பத்திரமா வாங்கிட்டுத்தான் போறாங்க எல்லாரும்."

பீரோவில் வைக்கச் சொர்ணத்தம்மாள் சம்மதிக்கவில்லை. அவளே கழற்றி, தன் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சேலை வழியாக அது அவளை உறுத்தியது. மொழி பையை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்து, திரும்பி நின்றாள்.

"அவங்க மூணு பேரும் எனக்கு முந்தித் திரும்பி வந்துட்டா, அத்தை?"

அதெல்லாம் வரமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்த மாதிரி இருந்திருக்கும். சொர்ணத்தம்மாள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"வருவாளுவ. வராம எங்க போவாளுவ. வந்தா கோலம் போடட்டும், கொழம்பு வைக்கட்டும், ஒம் புருசங்கூட ஒக்காந்து பேசிக்கிட்டுக் கெடக்கட்டும். ஆனா ஒங் கட்டில்ல ஒருத்தியையும் படுக்க விடமாட்டேன். நீ வாரது வரைக்கும் அதுல நான் படுத்துக்கிடுதேன்."